சின்னமும் வாக்குறுதியும்

உள்ளங்கையிற் பாதியளவுமில்லாத துணிவட்டம் ஒன்று. அதன் நடுவே நூலாற் பின்னப்பட்ட கூடாரமோ, பறவையோ, விண்மீனோ காணப்படும். சந்தையில் அதற்கு விலை கிடையாது. எனினும் அதனைச் சட்டைக்கையில் தைத்துக்கொள்ளும் பொருட்டு, பாடப்புத்தகத்தைத் தொடவே சலிக்கும் சிறுவன் மாதக்கணக்கிற் கயிற்று முடிச்சுக்களைப் பழகுகின்றான். மழையில் நனைந்த விறகோடு போராடி அடுப்பு மூட்டுகின்றான். இருளில் வானத்தைப் பார்த்துத் திசையறிகின்றான். சாரணர் இயக்கம் கண்ட கல்வி உத்திகளுள் இத்திறமைச் சின்னத்தைப்போல எளிமையானதும் பயன் மிக்கதும் வேறில்லை எனலாம்.

ஆயின், அச்சிறுவன் வளர்ந்து ஆளானதும் நிகழ்வது யாது? சாரணச் சட்டை மடிக்கப்பட்டுப் பெட்டியின் அடியிற் போய்விடுகின்றது. உத்தியோகம், குடும்பம், கடன் என்பன ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்கின்றன. முடிச்சுக்கள் மறந்துபோகின்றன, விண்மீன்களின் பெயர்களும் மறந்துபோகின்றன. முப்பது வயதைக் கடந்த ஒருவர் புதிதாக ஒன்றைப் பழகத் தொடங்கினால், ‘இந்த வயதில் இதெல்லாம் எதற்கு?’ என்று வீட்டிலுள்ளோரே நகைப்பர். அதற்கென ஒரு சின்னத்தையும் அவர் பெற விரும்பினால் அந்நகைப்பு இரட்டிப்பாகும். ஆயினும் அண்மைக் காலத்திற் பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் வளர்ந்தோர் பலர் சிறு வட்டங்களாகச் சேர்ந்து இதையே செய்து வருகின்றனர். பாண் சுடுதல், தேனீ வளர்த்தல், பறவை நோக்கல், கடற்கரை துப்புரவாக்கல், தனித்து வாழும் முதியோருக்குத் துணையிருத்தல் என ஒவ்வொன்றுக்கும் நிபந்தனைகள் வகுத்து, அவற்றை நிறைவேற்றியபின் சின்னமொன்றைப் போர்வையிலோ தோட்பையிலோ தைத்துக்கொள்கின்றனர். இது முதிர்ந்தோரின் சிறுபிள்ளை விளையாட்டா, அன்றி வளர்ந்தோரின் வாழ்வில் உண்மையாகவே இல்லாமற்போன ஒன்றை மீட்கும் முயற்சியா என்பது சிந்திக்கத்தக்கது.

இயக்கத்தின் தொடக்கத்தை நோக்குமிடத்து, சின்னம் வெறும் அலங்காரமாக எண்ணப்படவில்லை என்பது புலனாகும். 1907 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் இங்கிலாந்தின் பிறவுண்சீத் தீவிலே, செல்வர் வீட்டுப் பிள்ளைகளும் உழைப்பாளர் வீட்டுப் பிள்ளைகளுமாகச் சுமார் இருபது சிறுவரைச் சேர்த்துப் பேடன் பவல் முதற் பாசறையை நடத்தினார். அடுத்த ஆண்டு அவரது கைந்நூல் வெளிவந்தது. 1911 இல் வெளியான அமெரிக்கச் சாரணர் கைந்நூல் 57 திறமைச் சின்னங்களை வகுத்திருந்தது. வானியலும் பறவையியலும் அப்பட்டியலில் உண்டு. கொல்லுவேலையும் சமையலும் முதலுதவியும் அவற்றுக்குச் சமமான இடத்தைப் பெற்றிருந்தன. நூலறிவுக்கும் கைத்தொழிலுக்குமிடையே பள்ளிக்கூடம் எழுப்பிய சுவரை ஒரு சட்டைக்கை தகர்த்துவிட்டது. இலங்கையில் 1912 இல், மாத்தளையிலே பிரான்சிஸ் ஜோர்ஜ் ஸ்ரீவன்ஸ் என்பவரால் இவ்வியக்கம் தொடங்கிவைக்கப்பட்டது.

பள்ளி வயதோடு இப்பயிற்சி முடிந்துவிடக் கூடாது என்ற எண்ணமும் விரைவிலேயே தோன்றிவிட்டது. 1918 இல் இளைஞர்க்கெனத் திரிசாரணர் பிரிவு தோன்றியது. ‘சேவை’ என்பதே அதன் குறிக்கோள். மறு ஆண்டு, சாரணரை வழிநடத்தும் வளர்ந்தோருக்கான பயிற்சி கில்வெல் பூங்காவில் ஆரம்பமாயிற்று. அதனை முடித்தோர் பொற்பதக்கம் பெறவில்லை. தோல்வாரிற் கோத்த இரண்டு மரமணிகளையே பெற்றனர். இன்றும் உலகெங்கும் சாரணத் தலைவர்கள் அம்மணிகளை அணிகின்றனர்.

சாரணர் இயக்கத்துக்குப் புறம்பேயும் இதனையொத்த ஏற்பாடுகள் பல உள. ஜேர்மனியில் 1912 இல் ஏற்படுத்தப்பட்ட விளையாட்டுச் சின்னத்தை முதியோரும் பெறலாம். வயதுக்கேற்ப அளவுகோல் மாறுபடும். நீந்தத் தெரியும் என்பதை மட்டும் எவரும் நிறுவியே ஆகவேண்டும். போலந்தில் 1935 முதல் மலைநடைச் சின்னமொன்று வழங்கப்பட்டு வருகின்றது. நடக்கும் ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் ஒரு புள்ளி, ஏறும் ஒவ்வொரு நூறு மீற்றருக்கும் இன்னொரு புள்ளி என்று கணக்கிட்டு, சிறு கொப்பி ஒன்றிற் பதிந்து, மலைக்குடில்களின் முத்திரையைப் பெற்றுக்கொள்வர். ஆலைத் தொழிலாளியும் பேராசிரியரும் ஒரே வகைக் கொப்பியையே பையிற் சுமந்து செல்வர். பிரித்தானியாவில் 1956 இல் உருவான எடின்பரோ கோமகன் விருது 14 முதல் 24 வயது வரையிலானோர்க்கு உரியது. சேவை, திறன், உடற்பயிற்சி, நெடும்பயணம் என்னும் பகுதிகள் அதன் அடிப்படையாக அமைகின்றன. 1953 இல் எவரெஸ்ற் சிகரத்தை வென்ற குழுவின் தலைவரான ஜோன் ஹன்ற் அதன் முதற் பணிப்பாளராக விளங்கினார். உலகின் அதியுயர்ந்த சிகரத்துக்குப் பிறரை அனுப்பிவைத்த மனிதர், சாதாரண இளைஞன் தனக்கெனக் குறித்துக்கொள்ளும் சிறிய குன்றுக்கும் மதிப்புண்டு என்று கருதியமை குறிப்பிடத்தக்கது.

இவ்வேற்பாடுகள் அனைத்திலும் பொதுவாகக் காணப்படும் பண்பு ஒன்றுண்டு. அது இலங்கை மாணவரின் கண்ணுக்கு உடனே தென்படவேண்டியது. சின்னத்துக்கு வெட்டுப்புள்ளி கிடையாது. பல்கலைக்கழக அனுமதியில் 2001 முதல் இசட் புள்ளி முறை வழங்கி வருகின்றது. அதிலே நான்காவது தசமதானத்திலுள்ள ஓர் இலக்கம் ஒருவரை மருத்துவபீடத்துக்கு அனுப்புகின்றது. மற்றொருவரை வாயிலிலேயே நிறுத்திவிடுகின்றது. இருக்கைகள் எண்ணப்பட்டவை, ஆதலால் ஒருவர் பெறுவது மற்றொருவர் இழப்பதாகவே முடிகின்றது. 1970 களின் தரப்படுத்தல் இந்நாட்டுத் தமிழ் இளைஞர் உள்ளத்தில் ஏற்படுத்திய வடு எத்தகையது என்பதை இச்சஞ்சிகையின் வாசகருக்கு விளக்கவேண்டியதில்லை. திறமைச் சின்னமோ வேறொரு நீதியைக் கொண்டது. நிபந்தனையை நிறைவேற்றிய பத்துப்பேரும் அதனைப் பெறுவர். நூறுபேர் நிறைவேற்றினும் நூறுபேரும் பெறுவர். ஒருவனின் சட்டைக்கை நிறைவதால் இன்னொருவனின் சட்டைக்கை வெறுமையாவதில்லை. பிறரை முந்துவதே கற்றலின் இலக்கணம் என்று பதின்மூன்று ஆண்டுகள் பழக்கப்பட்ட உள்ளத்துக்கு இது புதுமையாகவும், ஒருவகையில் மருந்தாகவும் அமையக்கூடும்.

அம்மருந்து எவ்வாறு வேலைசெய்கின்றது என்பதைக் காண, ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவரைக் கற்பனை செய்துகொள்ளலாம். முப்பத்தைந்து ஆண்டுகள் கரும்பலகைக்கு முன்னால் நின்றவர் அவர். பிறரின் பிழைகளைத் திருத்தியே பழகியவர். அறுபத்தோராவது வயதில், பறவைகள் முப்பதை இனங்காணுதல் என்ற இலக்கை வகுத்துக்கொண்டு, விடியற்காலையில் வயல்வரம்புக்குச் செல்கின்றார். வெள்ளையாக நிற்பன யாவும் அவருக்குக் கொக்குத்தான். உடன் நிற்கும் பன்னிரண்டு வயதுச் சிறுவன், “சேர், மாட்டுக்குப் பக்கத்தில நிக்கிறதுக்குச் சொண்டு மஞ்சள், அது உண்ணிக்கொக்கு. தண்ணிக்குள்ள நிக்கிறதைப் பாருங்கோ, சொண்டு கறுப்பு, பாதம் மட்டும் மஞ்சள். அது சின்னக்கொக்கு” என்று சொல்லிக் கொடுக்கின்றான். ஆசிரியர் தமது கொப்பியில் அடித்துவிட்டு மீண்டும் எழுதுகின்றார். அன்று அவர் கற்றது பறவையியல் மட்டுமன்று. அறியாமையை வெட்கமின்றி வெளிப்படுத்தும் ஆற்றல் குழந்தைகளிடம் நிரம்பியிருக்கின்றது. வயதோடு அது தேய்ந்துபோகின்றது. ஒருவர் தமக்குத் தெரிந்த துறையின் எல்லைக்குள்ளேயே மதிப்பும் பாதுகாப்பும் பெற்று நடமாடப் பழகிவிடுகின்றார். அவ்வெல்லையைக் கடந்து மீண்டும் அரிவரி மாணவனாக அமரும் துணிவை அளிப்பதே வளர்ந்தோரின் சின்னம் செய்யும் முதற் காரியமாகும்.

இதற்கு எதிரான நியாயங்கள் இல்லாமலில்லை, அவை வலுவுள்ளவையுங்கூட. 1973 இல் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தின் பாலர் பாடசாலையில் மார்க் லெப்பர் முதலிய உளவியலாளர் மூவர் நடத்திய பரிசோதனை பெரிதும் பேசப்படுவது. வர்ணப் பேனாக்களால் ஓவியம் வரைவதில் ஏற்கனவே விருப்புற்றிருந்த குழந்தைகள் மூன்று குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். வரைந்தால் பொன்முத்திரையும் நாடாவும் கொண்ட பாராட்டுப் பத்திரம் கிடைக்கும் என முதற் குழுவினருக்கு முன்கூட்டியே சொல்லப்பட்டது. இரண்டாம் குழுவினருக்கு முன்னறிவித்தலின்றி அதே பத்திரம் வழங்கப்பட்டது. மூன்றாம் குழுவினருக்கு எதுவும் வழங்கப்படவில்லை. ஓரிரு வாரங்களின் பின்னர், விரும்பியதைச் செய்யலாம் என்று விடப்பட்டபோது, முதற் குழுவினர் ஏனைய இரு குழுவினரும் வரைந்த நேரத்தில் ஏறத்தாழ அரைவாசியையே வரைவதிற் செலவிட்டனர். பரிசுக்காகச் செய்யத் தொடங்கியவுடன் விளையாட்டு வேலையாகிவிடுகின்றது. பரிசு நின்றவுடன் வேலையும் நின்றுவிடுகின்றது. பறவையைக் காணச் சென்றவர் பட்டியலின் அடுத்த வரியை மட்டும் கண்டு திரும்பும் அபாயம் உண்மையானதே.

தொண்டின் துறையில் இவ்வினா மேலும் கூர்மை பெறுகின்றது. கைம்மாறு கருதாது செய்வதே கொடை என்பது தமிழ் அறநூல்களின் துணிபு. இத்தாலிய நகரமொன்றின் இரத்ததானம் செய்வோரை ஆராய்ந்த லாசெற்றேரா, மாச்சிஸ் என்னும் இருவர் 2010 இல் வெளியிட்ட முடிவுகள் இங்கு நினைக்கத்தக்கன. குறித்த எண்ணிக்கையை எட்டியோருக்கு அங்கே பதக்கம் வழங்கப்படும். அவ்வெல்லையை நெருங்குந்தோறும் கொடையாளிகள் அடிக்கடி வந்து குருதி கொடுத்தனர். ஆயின், உள்ளூர்ப் பத்திரிகையிற் பெயர் வெளிவந்து, விழாவிலே வழங்கப்படும் பதக்கங்களுக்கு மட்டுமே அவ்விளைவு காணப்பட்டது. ஊரார் காணும்போது கை தாராளமாகின்றது என்பதை அறிந்து ஒருவர் கசப்படையலாம். ஆயின், அக்குருதியைப் பெற்றுப் பிழைத்த நோயாளியின் கட்டிலருகே நின்று பார்த்தால் அக்கசப்பு சற்றுத் தணியவும் கூடும்.

அரசு சின்னத்தைக் கையிலெடுத்துக் கொண்டால் நேர்வது வேறொன்று. சோவியத்து நாட்டில் 1931 இல் ‘உழைப்புக்கும் பாதுகாப்புக்கும் ஆயத்தம்’ என்னும் சின்னம் ஏற்படுத்தப்பட்டது. ஓட்டம், நீச்சல் ஆகியவற்றோடு துப்பாக்கி சுடுதலும் கைக்குண்டு எறிதலும் அதன் சோதனைகளில் அடங்கியிருந்தன. உடல்வளம் பெருக்கும் ஏற்பாடு என்பதோடு, போருக்கு ஆட்களை ஆயத்தஞ்செய்யும் கருவியாகவும் அச்சின்னம் ஆயிற்று. 2014 இல் ரஷ்யா அதனைப் புதுப்பித்திருக்கின்றது. சாரணர் இயக்கத்தைத் தொடங்கியவரும் போர்வீரரே என்பதை மறந்துவிடலாகாது. ஒரு சின்னத்தை மதிப்பிடுவோர், அதனை வழங்குவோர் யார், எதற்காக வழங்குகின்றனர் என்பவற்றையும் சேர்த்தே மதிப்பிட வேண்டும்.

இத்தடைகளையெல்லாம் கடந்து சின்னத்துக்கு நியாயம் சொல்ல இயலுமா? ஸ்கொட்லாந்து மலைகளின் வரலாறு ஒருவகை விடையைத் தருகின்றது. 1891 இல் ஹியூ மன்றோ என்பவர் அந்நாட்டின் மூவாயிரம் அடிக்கு மேற்பட்ட மலைகளைப் பட்டியலிட்டார். இன்று அப்பட்டியலில் 282 மலைகள் உள. அவை யாவற்றையும் ஏறி முடித்ததாக ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோர் தம்மைப் பதிவு செய்திருக்கின்றனர். பட்டியலை வகுத்த மன்றோவோ, அதனை ஏறி முடிக்காமலே 1919 இற் காலமானார். முடிக்கவில்லை என்பதால் அவரது ஞாயிற்றுக்கிழமைகள் வீணாயின என எவரும் கூறார். பட்டியல் அவரை வீட்டிலிருந்து வெளியேற்றி மலையடிவாரத்திற் சேர்த்தது. அங்கிருந்து அவரை மேலே அழைத்துச் சென்றது மலைதான். முதலடி எடுத்துவைக்க மனிதனுக்கு ஒரு சாட்டு வேண்டியிருக்கின்றது. அச்சாட்டாக இருக்கும்வரை சின்னம் பயனுடையது. அதற்குமேல் அது வளர்ந்தால் மலையை மறைத்துவிடும்.

இதனினும் ஆழமான நியாயமொன்று முதலுதவிச் சின்னத்திற் பொதிந்துள்ளது. தெருவிலே ஒருவர் மயங்கி விழுகின்றார்; கூட்டம் சூழ்ந்து நிற்கின்றது. யாரை முன்னே விடுவது என்று எவருக்கும் தெரியாது. அவ்வேளையிலே சட்டைக்கையிலுள்ள அச்சிறு குறி, ‘இவனுக்குத் தெரியும், இவனை அழையுங்கள்’ என்று அந்நியருக்கு அறிவிக்கின்றது. அதனை அணிந்தவன் அக்கணத்தில் ஒதுங்கி நிற்கும் உரிமையை இழந்துவிடுகின்றான். ஆகவே சின்னம் முடிந்துபோன சாதனைக்குரிய கூலியாக அமைவதிலும் பார்க்க, வரவிருக்கும் ஆபத்தை நோக்கி அளிக்கப்பட்ட வாக்குறுதியாக அமைவதே பொருத்தமானது. வாக்குறுதி பழையதாகிவிடக் கூடாது என்பதனாலேயே முதலுதவிச் சான்றிதழ்கள் பல நாடுகளில் இரண்டு அல்லது மூன்று ஆண்டுகளிற் காலாவதியாகின்றன. அவற்றைப் பெற்றவர் மீண்டும் வந்து, மீண்டும் செய்துகாட்ட வேண்டும். சின்னத்தைக் கூலியாகக் கருதுபவர் அதைப் பெற்றதும் அமைதியடைவார். வாக்குறுதியாகக் கருதுபவர் அதைப் பெற்ற நாளிலிருந்து பொறுப்புடையவராவார்.

2004 ஆம் ஆண்டு டிசம்பர் 26 ஆம் நாள் கடல் பொங்கி வந்தபோது, கிழக்கிலும் வடக்கிலும் தெற்கிலும் பாடசாலைகளே அகதிமுகாம்களாயின. அங்கே சோறு சமைத்தோரும், சடலங்களை எடுத்து அடக்கஞ்செய்தோரும், பெற்றோரை இழந்த குழந்தைகளை மடியில் வைத்திருந்தோரும் எச்சின்னத்தையும் எதிர்பார்த்து வந்தவரல்லர். சின்னமின்றியே மனிதர் நல்லவராயிருக்கின்றனர் என்பதற்கு அதனைவிடச் சான்று வேண்டியதில்லை. ஆயினும் நல்ல மனம் மட்டும் காயத்தைக் கட்டிவிடாது. எந்தக் கிணற்று நீரைக் குடிக்கலாம், முறிந்த காலோடு கிடப்பவரை எவ்வாறு தூக்குவது, ஆயிரம் பேருக்கான சமையலை எங்கே தொடங்குவது என்பன அன்று காலையிற் கற்றுக்கொள்ளக்கூடியவையல்ல. அவை யாதொரு ஆபத்துமில்லாத ஒரு சாதாரண ஞாயிற்றுக்கிழமையிற் கற்றிருக்கவேண்டியவை. அத்தகைய ஞாயிற்றுக்கிழமைகளுக்கு ஒரு நோக்கத்தைக் கொடுப்பதே இவ்வேற்பாட்டின் சமூகப் பயன்.

இலங்கைச் சூழலில் வளர்ந்தோருக்கான சின்னங்கள் வகுக்கப்படுமாயின் அவற்றை ஆங்கிலப் பட்டியல்களிலிருந்து அப்படியே பெயர்த்தெழுதவேண்டியதில்லை. பனையோலையிற் பெட்டி இழைத்தல், நாட்டு விதைகளைப் பேணல், ஊரின் குளங்களையும் வாய்க்கால்களையும் வரைபடமாக்கல், பாட்டிமாரின் தாலாட்டுக்களையும் ஒப்பாரிகளையும் ஒலிப்பதிவு செய்தல், கண்பார்வையற்ற மாணவருக்குப் பாடநூல் வாசித்துக்காட்டல், சிங்களம் அறியாத நோயாளிக்கு வைத்தியசாலையில் மொழித்துணையாதல் என்பன அப்பட்டியலில் இடம்பெறலாம். இயற்கை நோக்கலுக்குக் களங்களுக்கும் குறைவில்லை. 1976 முதல் இயங்கிவரும் இலங்கைக் களப் பறவையியற் குழு, தொழில்முறை விஞ்ஞானிகளோடு சாதாரண ஆர்வலரையும் சேர்த்துக்கொண்டே வளர்ந்தது. 2008 இற் சரணாலயமாகப் பிரகடனப்படுத்தப்பட்டு, 2010 இல் ராம்சார் ஈரநிலமாக ஏற்கப்பட்ட மன்னார் வங்காலைக்கு ஆண்டுதோறும் வலசைப் பறவைகள் வருகின்றன. அவற்றை எண்ணுவதற்குப் பட்டம் தேவையில்லை. பொறுமையும், சரியாகப் பெயர் சொல்லத் தெரிந்த ஒரு துணையும் போதும்.

அத்துணையே இவ்வேற்பாட்டின் உயிர்நாடி. ஓலை இழைக்கக் கற்பவர், அது கைவந்த மூதாட்டியின் முன்னால் அமர்ந்தாக வேண்டும். கொப்பியிற் கையொப்பமிடுபவரும் அவரே. எழுதப் படிக்க அறியாத ஒருவர், பட்டதாரியின் பரீட்சகராகும் வாய்ப்பை வேறெந்த முறை அளிக்கின்றது? அவர் பெட்டியைத் திருப்பிப் பார்த்து, “மூலை சரியில்லை மோனை, பிரிச்சுப்போட்டு இழை” என்று சொல்லும்போது, அறிவு எங்கே குடியிருக்கின்றது என்பது பற்றிப் பல்கலைக்கழகம் கற்பித்த பாடமொன்று அமைதியாகத் திருத்தப்படுகின்றது.

இறுதியாக நோக்கின், பட்டமும் ஒரு சின்னமே. நான்கு ஆண்டு உழைப்பின் பின் கறுப்பு அங்கியோடு பெற்றுக்கொள்ளப்படும் அத்தாளை வீட்டார் கண்ணாடிச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டுவர். அது எவ்வகைச் சின்னம் என்பதை அதனைப் பெறுபவரே தீர்மானிக்கின்றார். முடிந்துபோன பரீட்சைகளின் கூலியாக அதனைக் கொள்வோர் உண்டு. அவர்களின் கற்றல் அச்சுவரோடு நின்றுவிடும். ஊரில் எவரேனும் விண்ணப்பமொன்றை நிரப்ப அறியாது தயங்கும்போதும், ஒரு பழைய ஏடு செல்லரிக்கும்போதும், ஒரு பிள்ளை வாசிக்க இடர்ப்படும்போதும், ‘இவருக்குத் தெரியும்; இவரை அழையுங்கள்’ என்று சொல்லும் அடையாளமாக அதனைக் கொள்வோரும் உண்டு. அத்தகையோருக்குப் பட்டமளிப்பு விழா நடைபெறும் நாள், சட்டைக்கையில் முதற் சின்னம் தைக்கப்படும் நாளாக இருக்கும்.